டிவி ஸ்டிக்கும் பெட்டியும்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. டிஷ் பூட்டுவது, ரவுட்டர் பொருத்துவது, டிவிக்கு வயர் இழுப்பது என் தொழில். வாழைச்சேனையில் இருந்து அக்கரைப்பற்று வரை மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். எந்த வீட்டிலும் வேலை முடிந்து தேத்தண்ணீர் வரும் நேரத்தில் அதே கேள்விகள்தான் வருகின்றன, எல்லாம் ஸ்டிக்கும் பெட்டியும் பற்றி: டிவியில் செருகி இணையத்தில் இருந்து யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் பார்க்க வைக்கும் சின்னக் கருவிகள் இவை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

எங்களிடம் இருப்பது பழைய டிவி. இந்த ஸ்டிக்கைச் செருகினால் யூடியூப் வருமா?

டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ என்று எழுதிய தட்டையான துவாரம் ஒன்று இருந்தால் வரும். டிவிக்கு வைஃபை இருக்க வேண்டியதில்லை. அது ஸ்டிக்குக்குள்ளேயே இருக்கிறது. செருகிவிட்டு, ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி எச்டிஎம்ஐயைத் தெரிவு செய்ய வேண்டும். ‘படமே வரவில்லை’ என்று என்னைக் கூப்பிட்ட பாதி வீடுகளில் நான் செய்தது இந்த ஒன்றைத்தான். அதற்குக் காசு வாங்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வட்டத் துவாரங்கள் மட்டும் உள்ள குண்டு டிவி என்றால் இடையில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு: எச்டிஎம்ஐயில் இருந்து ஏவிக்கு, அதாவது அந்த மூன்று வட்டத் துவாரங்களுக்கு, மாற்றுவது ஒன்று, ஏவியில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது மற்றொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். திசை மாறி வாங்கினால் வேலை செய்யாது. உங்களுக்கு வேண்டியது முதலாவது. படம் வரும், ஆனால் எழுத்துகள் கலங்கித்தான் தெரியும்.

ஸ்மார்ட் டிவிதானே வாங்கியிருக்கிறோம். பிறகு ஏன் தனியாக ஒரு ஸ்டிக்?

டிவி நன்றாக ஓடினால் வேண்டாம். ஸ்மார்ட் டிவி என்பது ஒரு திரையும் அதற்குள் வைத்த ஒரு மலிவான கைத்தொலைபேசியும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். திரை பத்து வருடம் கிடக்கும். உள்ளே இருக்கும் தொலைபேசி மூன்று நான்கு வருடத்தில் களைத்துவிடும். புதிய பதிப்புகள் வருவது நின்றுவிடும். யூடியூப் திறக்க அரை நிமிடம் எடுக்கும். அப்போது டிவியை மாற்றாமல் ஒரு ஸ்டிக்கைச் செருகிக்கொள்ளலாம்.

அதற்கும் முன்பு, பயன்படுத்தாத செயலிகளை நீக்கி, சுவர் ப்ளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள். ரிமோட்டால் அணைப்பது டிவியைத் தூங்க வைக்கிறது, அவ்வளவுதான்.

கடையில் நாலு விதம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

நாலும் ஒரே யூடியூபைத்தான் காட்டுகின்றன. படத்தின் தரத்தில் வீட்டுக்காரர் கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் பெரிதாக இல்லை. வித்தியாசம், டிவியைத் திறந்தவுடன் முதலில் உங்களுடன் கதைப்பவர் யார் என்பதில்தான் இருக்கிறது. எனக்கென்று ஒரு பரீட்சை உண்டு. ரிமோட்டை வீட்டில் மூத்தவரின் கையில் கொடுத்து, அவருக்கு வேண்டிய நிகழ்ச்சி வரும்வரை எத்தனை தடவை அழுத்துகிறார் என்று எண்ணுவேன். ஐந்துக்குள் முடிந்தால் நல்ல கருவி. பத்தைத் தாண்டினால், எத்தனை 4கே இருந்தாலும் அந்த வீட்டுக்கு அது சரிவராது.

கூகுள் டிவி வகைதான் நம் பக்கத்துக் கடைகளில் அதிகம். சியோமியின் பெட்டிகள், கூகுள் 2024இல் விட்ட கூகுள் டிவி ஸ்ட்ரீமர், பல டிவிகள் எல்லாம் இதில் அடங்கும். மேலே பெரிய படம் ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழேதான் உங்கள் செயலிகள். இதன் முன்னோடியான, 2020க்கு முந்தைய ஆண்ட்ராய்டு டிவி முகப்பில் செயலிகள் மேலேயே இருந்தன, பேச்சும் குறைவு. தொலைபேசியில் பார்ப்பதை அப்படியே டிவிக்கு அனுப்பும் வசதி உள்ளே இருப்பதால், முதன்முதலாக வாங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஃபயர் டிவி அமேசானுடையது. 2014இல் வந்தது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் முகப்பு முழுவதும் அமேசானின் கடைவாசல். அமேசான் கணக்கு இல்லாமல் அதை இயக்கத் தொடங்கவே முடியாது. 2025 இறுதியில் வந்த 4கே செலக்ட் என்ற ஸ்டிக்கில் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக வேகா என்ற வேறு இயங்குதளம் இருக்கிறது. ‘எந்தச் செயலியையும் வெளியில் இருந்து ஏற்றித் தருகிறேன்’ என்று கடைக்காரர் சொன்னால், அந்த மாதிரியில் அது நடக்காது.

ரோக்கு என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருவி பார்க்க மிக எளிமையானது. செயலிகள் சதுரக் கட்டங்களாக அடுக்கப்பட்டிருக்கும். வலப்பக்கம் ஒரு விளம்பரப் பலகை. மூத்தவர்களுக்கு ஏற்றது, ஆனால் நம் நாட்டில் வேறு சிக்கல் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன். ஆப்பிள் டிவியின் முகப்பில் வெளியார் விளம்பரம் இல்லை. 2022ஆம் ஆண்டு மாதிரி அமெரிக்காவில் 129 டொலரில் தொடங்கியது. அந்தக் காசுக்கு மலிவான ஸ்டிக் மூன்று நான்கு வாங்கலாம். வீட்டில் எல்லோரிடமும் ஐபோன் இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் அது காசு கூடிய அழகு.

ஸ்டிக் வாங்கினால் அன்டெனாவைக் கழற்றிவிடலாமா? சக்தி, வசந்தம் எல்லாம் வருமா?

கழற்ற வேண்டாம். உள்ளூர் அலைவரிசைகளின் செய்தியும் நாடகமும் யூடியூபில் கிடைக்கின்றன. ஆனால் இணையம் போய்விட்டால் ஸ்டிக் வெறும் பிளாஸ்டிக் துண்டு. புயல் எச்சரிக்கை வரும் இரவில் அன்டெனாதான் கைகொடுக்கும். இரண்டும் இருக்கட்டும், சோர்ஸ் பொத்தானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

டிவியைத் திறந்தவுடன் விளம்பரம் வருகிறது. காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?

கொடுத்தீர்கள், ஆனால் முழுக் காசையும் கொடுக்கவில்லை. சந்தைக்குள் கடை போடுபவர் வாசல் பக்கத்து இடத்துக்கு வாடகை கூடக் கொடுப்பார் அல்லவா? உங்கள் முகப்புத் திரைதான் அந்த வாசல் இடம். ரோக்கு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்தால், அண்மைய ஆண்டுகளில் கருவி விற்பனைப் பகுதி நட்டத்தில் ஓடியிருக்கிறது. விளம்பரமும் சந்தாப் பங்கும் அதை ஈடுசெய்கின்றன. கருவியை மலிவாக வீட்டுக்குள் அனுப்பிவிட்டுப் பிறகு திரையை வாடகைக்கு விடுவதுதான் இந்த வியாபாரம். மேலே மாறி மாறி வரும் படங்களை ‘உங்களுக்கான பரிந்துரை’ என்று எழுதியிருப்பார்கள். அவற்றில் காசு கொடுத்து ஏறியவையும் இருக்கின்றன.

இது குறையப்போவதும் இல்லை. 2023 இறுதியில், ஃபயர் டிவியைத் திறந்ததும் முழுத்திரையில் விளம்பரம் ஓடத் தொடங்கியதாகப் பயனர்கள் முறையிட்டார்கள். 2025 மார்ச்சில் ரோக்கு, முகப்பு தெரிவதற்கு முன்பே ஒரு காணொளி விளம்பரத்தைச் சிலருக்குக் காட்டிப் பார்த்தது. கேட்டபோது ‘பரிசோதனை’ என்றது. ஆப்பிள் மட்டும் வெளியார் விளம்பரத்துக்கு வாசலைத் திறக்கவில்லை. தன் சொந்தச் சேவையைக் கூவி விற்பதை அதுவும் விடவில்லை.

சரி, அதை நிறுத்த ஏதாவது வழி உண்டா?

முழுக்க நிறுத்த முடியாது, வாயை அடைக்கலாம். பத்து நிமிட வேலை. நான் கருவி பூட்டிக்கொடுக்கும் வீடுகளில் செய்துவிட்டுத்தான் வருகிறேன்.

கூகுள் டிவியில் செட்டிங்ஸ், அதற்குள் அக்கவுண்ட்ஸ், அங்கே உங்கள் பெயர், அதற்குள் ‘அப்ஸ் ஒன்லி மோட்’. அதைப் போட்டால் பரிந்துரை வரிசைகள் எல்லாம் போய்ச் செயலிகள் மட்டும் நிற்கும். பதிலுக்குக் குரலில் தேடும் உதவியாளர் வேலை செய்யாது. குரலில் தேடிப் பழகியவர் வீட்டில் இதைப் போடாதீர்கள். ஒரு தடவை சம்மாந்துறையில் போட்டுவிட்டு வந்து, அன்றிரவே திரும்பப் போக வேண்டியதாயிற்று. பழைய ஆண்ட்ராய்டு டிவி என்றால் டிவைஸ் பிரிஃபரன்ஸஸ், ஹோம் ஸ்கிரீன், சேனல்ஸ் என்று போய் வரிசைகளை ஒவ்வொன்றாக அணைக்கலாம்.

ஃபயர் டிவியில் செட்டிங்ஸ், பிரிஃபரன்ஸஸ், ஃபீச்சர்ட் கன்டென்ட். அங்கே வீடியோ ஓட்டோபிளே, ஓடியோ ஓட்டோபிளே என்று இரண்டு இருக்கும், இரண்டையும் அணையுங்கள். படம் இருக்கும், ஆனால் ஓடாது, சத்தமும் போடாது. ஆப்பிளில் மேல் வரிசையில் இருக்கும் டிவி என்ற செயலியைக் கீழ் வரிசைக்கு நகர்த்தினால் போதும்.

எல்லாவற்றிலும் ‘விருப்பத்துக்கேற்ற விளம்பரம்’ என்ற ஒன்று பிரைவசிப் பகுதியில் இருக்கும். அணையுங்கள். அதனால் விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது. நேற்று நீங்கள் பார்த்ததை வைத்து இன்று விளம்பரம் தெரிவு செய்வதுதான் குறையும்.

வாப்பாவும் பிள்ளைகளும் இருக்கும்போது பேய்ப்படத்தின் படமும் அரைகுறை உடுப்பும் முகப்பில் வருகிறது. கூச்சமாக இருக்கிறது.

காத்தான்குடியில் இருந்தும் ஏறாவூரில் இருந்தும்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது, ஆரையம்பதியிலும் கேட்கிறார்கள். செயலிக்குப் பூட்டுப் போட்டாலும் முகப்பில் வரும் பெரிய படம் அடங்காது. கூகுள் டிவி என்றால் மேலே சொன்ன ‘அப்ஸ் ஒன்லி’தான் மருந்து. சிறு பிள்ளைகளுக்குத் தனியாகக் கிட்ஸ் புரொஃபைல் ஒன்று திறந்தால், அதில் நீங்கள் அனுமதித்த செயலிகள் மட்டும் தெரியும். யூடியூபின் முகப்பு வேறு: அது அந்தக் கணக்கில் முன்பு பார்த்ததை வைத்து வருவது. வீட்டு டிவிக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, உங்கள் தொலைபேசிக் கணக்கை அதில் போடாமல் விடுங்கள். இளைஞர்களின் தேடல் எல்லாம் வாப்பாவின் திரையில் வந்து நிற்பது தொலைபேசிக் கணக்கை டிவியிலும் போடுவதால்தான். விவரம் கேட்காமல் நானும் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவேன்.

நெட்ஃபிளிக்ஸில் விளம்பரம் இல்லை. யூடியூபில் மட்டும் ஏன் இடைக்கிடை நிறுத்தி விளம்பரம் போடுகிறது? ஸ்டிக்கை மாற்றினால் போகுமா?

போகாது. விளம்பரத்துக்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று கருவியின் முகப்பு. அதற்குக் கருவி செய்தவர் பொறுப்பு. மற்றது செயலிக்குள் வருவது. அதற்குச் செயலிக்காரர் பொறுப்பு. மிக விலையான பெட்டியிலும் யூடியூபின் இலவசப் பதிப்பு விளம்பரத்தோடுதான் ஓடும்.

நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் பன்னிரண்டு நாடுகளில் விளம்பரத்தோடு ஒரு மலிவுத் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அமேசான் பிரைம் 2024 தொடக்கத்தில் அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளிலும், 2025 ஜூனில் இந்தியாவிலும், ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்கே விளம்பரம் காட்டத் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம் என்றால் மேலும் காசு கட்ட வேண்டும்.

மகன் லண்டனில் இருந்து ரோக்கு ஒன்று அனுப்பியிருக்கிறான். கட்டாரில் இருந்து தம்பி ஃபயர் ஸ்டிக் கொண்டுவந்தார். இங்கே வேலை செய்யுமா?

ப்ளக்கில் இருந்து தொடங்குவோம். லண்டன், கட்டார் ப்ளக்குகள் நம் மூன்று சதுரப் பின் துவாரத்துக்குச் சரியாகப் பொருந்தும். கனடா, சுவிஸ் ப்ளக்குகளுக்கு மாற்றி வேண்டும். அல்லது நல்ல தொலைபேசி சார்ஜர் ஒன்றே போதும், ஸ்டிக்குகள் 5 வோல்ட் யுஎஸ்பியில் ஓடுபவை.

சிக்கல் கணக்கில்தான். ரோக்கு அதிகாரபூர்வமாகச் செயற்படும் நாடுகளில் இலங்கை இல்லை. எந்தச் செயலி கிடைக்கும் என்பது கணக்கின் நாட்டைப் பொறுத்தது. அனுப்புபவர் அங்கேயே கணக்குத் திறந்து, யூடியூப், நெட்ஃபிளிக்ஸை ஏற்றி, ஓடவிட்டுப் பார்த்து அனுப்பினால் பாதித் தலையிடி குறையும். புதிதாக வாங்கி அனுப்பப்போகிறார் என்றால் கூகுள் டிவி வகையை வாங்கச் சொல்லுங்கள். ஃபயர் ஸ்டிக்கை இங்கிருந்தே அமேசான் கணக்குத் திறந்து பதியலாம்.

மகனின் நெட்ஃபிளிக்ஸ் கணக்கையே இங்கும் போடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டார் ஒரு கணக்கு என்று 2023 முதல் இறுக்கிவிட்டார்கள். சில நாள் ஓடிவிட்டுப் பிறகு மறிக்கும். எந்த நாட்டில் இருந்து பார்க்கிறீர்களோ அந்த நாட்டுக்கான படங்கள்தான் தெரியும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ‘லண்டன் ஸ்டிக்கில் லண்டன் படம் வரவில்லை’ என்று என்னைத் திட்டியவர் ஒருவர் இருக்கிறார்.

உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ரிமோட்டில் எழுத்துத் தேடித் தேடிக் களைத்துப்போகிறார்.

ரிமோட்டால் எழுதவே விடாதீர்கள். தொலைபேசியும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால், தொலைபேசியின் யூடியூபில் தமிழிலேயே தேடி, திரையின் மேல் மூலையில் இருக்கும் டிவி அடையாளத்தைத் தொட்டால் அந்தக் காணொளி டிவியில் ஓடும். தொலைபேசி தெரிந்த ஒரு பேத்தி பக்கத்தில் இருந்தால் போதும். கூகுள் டிவி செயலியைத் தொலைபேசியில் ஏற்றினால் அதுவே ரிமோட்டாகவும் விசைப்பலகையாகவும் வேலை செய்யும். ரிமோட்டைத் தொலைத்த வீடுகளுக்கும் இதுதான் வழி.

மற்றபடி, உம்மா வழக்கமாகப் பார்க்கும் நாலைந்து அலைவரிசைகளை யூடியூபில் சப்ஸ்கிரைப் செய்து, யூடியூபை முகப்பின் முதல் இடத்துக்கு நகர்த்துங்கள். நான் சொன்ன ஐந்து அழுத்தல் கணக்கு அதிலேயே சரியாகிவிடும்.

முன்பு தொலைபேசியில் இருந்து நெட்ஃபிளிக்ஸையும் அனுப்பினேன். இப்போது அந்த அடையாளமே காணவில்லை.

உங்கள் தொலைபேசி பழுதில்லை. ரிமோட்டோடு வரும் பெரும்பாலான கருவிகளுக்கு அந்த வசதியை நெட்ஃபிளிக்ஸ் 2025 இறுதியில் எடுத்துவிட்டது. டிவியில் உள்ள நெட்ஃபிளிக்ஸ் செயலியையே ரிமோட்டால் திறக்க வேண்டும். யூடியூபில் அனுப்பும் வசதி அப்படியே இருக்கிறது.

டேட்டா எவ்வளவு போகும்? எங்களுடையது சிம் போட்ட ரவுட்டர்.

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு இது: நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேரத்துக்கு 0.7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை. தினமும் இரண்டு மணி நேரம் பார்த்தால், மாதத்துக்கு நடுத்தரத்தில் 42 ஜிபி, எச்டியில் 180 ஜிபி. 32 அங்குல டிவியை எட்டடி தள்ளியிருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பெக்கேஜுக்குத் தெரியும். நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் பிளேபேக் பகுதியில் மீடியம் என்று போட்டுவிடுங்கள். யூடியூபில் பற்சக்கர அடையாளத்தைத் தொட்டு 480 என்று வையுங்கள்.

முகப்பில் தானாக ஓடும் விளம்பரக் காணொளியும் உங்கள் டேட்டாவில்தான் ஓடுகிறது. ஓட்டோபிளேயை அணைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இடையில் தானாக அணைந்து மறுபடி எரிகிறது. பழுதான ஸ்டிக்கை விற்றுவிட்டார்களா?

முதலில் மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். டிவியின் யுஎஸ்பி துவாரத்தில் செருகியிருந்தால் காரணம் அதுதான். சாதாரண யுஎஸ்பி துவாரம் 0.5 அம்பியர் தரும். ஸ்டிக் 1 அம்பியரோ அதற்கு மேலோ கேட்கும். காணொளி தொடங்கி வேலை கூடியதும் மயங்கி விழுந்துவிடும். பெட்டியோடு வந்த அடப்டரைச் சுவரில் போடுங்கள்.

அதிலும் நிற்கவில்லை என்றால் சூடு. சுவரோடு ஒட்டிய டிவிக்குப் பின்னால், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், அது வெந்துபோகும். கூடவே வரும் குட்டை எச்டிஎம்ஐ வயரைப் போட்டு வெளியே தொங்கவிடுங்கள். வைஃபை பிடிப்பதும் கூடும். டிவியின் முதுகுத் தகடு மறிப்பது குறையும்.

மாரி காலத்தில் இடி மின்னலுக்கு என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி தொடங்கினால் ப்ளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. டிஷ் வயரையும் செப்புத் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அவற்றாலும் வரும். ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் அதனூடாக மின்சாரம் வராது, ஆனால் அந்த ரவுட்டரின் அடப்டர் சுவரில்தானே இருக்கிறது. நாவலடி, பொத்துவில் போன்ற கடற்கரை வீட்டார் இன்னொன்றையும் செய்யுங்கள்: உப்புக்காற்றில் எச்டிஎம்ஐ முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும்; இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிச் செருகுங்கள்.

‘ஆண்ட்ராய்டு பெட்டி, ஆயிரம் சேனல், மாதக் காசு இல்லை’ என்கிறார்கள். விலையும் குறைவு. வாங்கலாமா?

வேண்டாம். ஒரு காலத்தில் நானே நாலு பெட்டி விற்றேன், அதனால் சொல்கிறேன். ஆறு மாதத்துக்குள் ஆயிரம் சேனலும் ஒவ்வொன்றாகக் கறுப்பாயின. ஒரு வீட்டில் யாரும் எதுவும் பார்க்காத நேரத்திலும் டேட்டா ஓடிக்கொண்டிருந்தது. நாலையும் திருப்பி வாங்கிக் காசைக் கொடுத்தேன்.

டேட்டா ஏன் ஓடியது என்பது பிறகுதான் விளங்கியது. இப்படியான பெட்டிகளில் பல, கூகுளின் அங்கீகாரம் இல்லாமல், திறந்த ஆண்ட்ராய்டை எடுத்துச் செய்தவை. 2023 ஜனவரியில், டி95 (T95) என்ற மலிவுப் பெட்டியில் தொழிற்சாலையில் இருந்தே தீநிரல் இருப்பதை ஒரு கனடியர் கண்டுபிடித்தார். அவ்வகைப் பெட்டிகளின் வலையமைப்புக்குப் பாட்பொக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது; அடுத்த மாதம் கூகுள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அகப்பட்டிருப்பதாகச் சொல்லி நியூயோர்க்கில் வழக்குப் போட்டது.

அந்தப் பெட்டி செய்யும் வேலை என்ன தெரியுமா? உங்களுக்குத் தெரியாமல் மறைவில் விளம்பரங்களைத் திறந்து தானே அழுத்திக்கொண்டிருக்கும். யாரோ அதில் காசு பார்க்கிறார். உங்கள் இணைய இணைப்பை வேறு ஆட்களுக்கு வாடகைக்கும் விடும். அவர்கள் செய்யும் களவு உங்கள் வீட்டு முகவரியில் இருந்து செய்ததாகத் தெரியும். விளம்பரம் பிடிக்காமல் இதை வாங்கியவர் வீட்டில், விடிய விடிய விளம்பரம் பார்க்கிறது பெட்டி.

என்னிடம் இருப்பது அந்த வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகப்பு ஒரு டப்லெட் போல இருந்து, ரிமோட்டில் சுட்டி அம்பு ஒன்றை நகர்த்த வேண்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில், அபவுட் பகுதியில், ‘பிளே புரொடெக்ட்’ சான்று இருக்கிறதா என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸும் காட்டிக்கொடுக்கும்: சான்று இல்லாத பெட்டியில், எத்தனை வேக இணைப்பு இருந்தாலும், படம் 480 தெளிவுக்கு மேல் போகாது. படத்தைக் களவாகப் பிரதி எடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டின் முதல்நிலை அந்தப் பெட்டியில் இல்லை என்பதே காரணம். ‘4கே பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் மங்கல்’ என்று என்னிடம் வந்தவை எல்லாம் இந்த வகைதான்.

ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றினால் எல்லா விளம்பரமும் போய்விடும் என்று மருமகன் சொல்கிறார்.

மருமகன் சொல்வதில் பாதி சரி. டிஎன்எஸ் என்பது இணையத்தளப் பெயருக்கு உரிய முகவரி எண்ணைத் தேடித்தரும் சேவை. விளம்பரம் வரும் முகவரிகளை மறிக்கும் டிஎன்எஸ்ஸைப் போட்டால், முகப்பில் வரும் சில பலகைகள் வெறுமையாகும். கருவி அனுப்பும் வேவுத் தகவலும் குறையும். யூடியூப் விளம்பரம் போகாது. காணொளி வரும் அதே இடத்தில் இருந்துதான் விளம்பரமும் வருகிறது. ஒன்றை மறித்தால் மற்றதும் நிற்கும். கூடவே, ஒரு நாள் ஏதோ ஒரு செயலி திறக்காமல் மறுக்கும். அன்றைக்கு மருமகன் கொழும்பில் இருப்பார், தொலைபேசி எனக்கு வரும். மாற்றினால் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதி ரவுட்டரில் ஒட்டிவிடுங்கள்.

ஸ்மார்ட் டிவி நாம் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதாமே. ஸ்டிக் போட்டால் தப்பிவிடலாமா?

தப்ப முடியாது, அதுதான் வேடிக்கை. திரையில் ஓடும் படத்தின் சிறு சிறு துண்டுகளை எடுத்து, என்ன ஓடுகிறது என்று டிவியே அடையாளம் காணும் முறை ஒன்று இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தையும் அதனால் அடையாளம் காண முடியும். வீசியோ என்ற நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் சொல்லாமல் இதைச் செய்ததற்காக, 2017இல் அமெரிக்காவில் 22 லட்சம் டொலர் கட்டியது. சாம்சங்கில் ‘வியூவிங் இன்ஃபர்மேஷன்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’ என்ற பெயரில் இருக்கும், அணைத்துவிடுங்கள்.

அதைவிட நல்ல வழி: ஸ்டிக் போட்ட பிறகு டிவிக்கு எதற்கு வைஃபை? டிவியின் நெட்வேர்க் பகுதியில் கடவுச்சொல்லை அழித்துவிடுங்கள். ஸ்டிக்குக்கு மட்டும் இணையம் போகட்டும். டிவி வெறும் திரையாக இருக்கும். அதன் முகப்பு விளம்பரமும் புதிதாக வராது.

திடீரென்று ஒரு நாள் வேலை செய்யாமல் போனால், ரீசெட் அடிப்பதுதானே?

கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யாதீர்கள். 2025 மார்ச் 9 அன்று, 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள், அதாவது தொலைபேசியில் இருந்து டிவிக்குப் படம் அனுப்பும் கூகுளின் பழைய கருவிகள், உலகம் முழுவதும் ஒரே நாளில் நின்றன. உள்ளே இருந்த பத்து வருடச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. கூகுள் சில நாட்களில் சரிசெய்தது. பொறுத்திருந்தவர்களுக்குத் தானாக வந்தது. அவசரப்பட்டு ரீசெட் அடித்தவர்கள் மறுபடி பதியவே முடியாமல் கூடுதல் நாட்கள் கஷ்டப்பட்டார்கள்.

ப்ளக்கைக் கழற்றிப் போடுங்கள், ரவுட்டரைக் கழற்றிப் போடுங்கள், இரண்டு நாள் பொறுங்கள். பக்கத்து வீட்டாரிடம் அதே கருவி இருந்தால் அவருக்கும் நின்றதா என்று கேளுங்கள். ரீசெட் அடித்தால் கடவுச்சொல் எல்லாம் மறுபடி கேட்கும். அது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

அதெல்லாம் இருக்கட்டும், உங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

சான்றுள்ள கூகுள் டிவி பெட்டி ஒன்று. ‘அப்ஸ் ஒன்லி’, ஆறு செயலி, டிவிக்கு வைஃபை இல்லை. அம்மாவுக்கு விருப்பமான கோயில் திருவிழாக் காணொளிக்கு நாலு அழுத்தல். போன மாதம் ஒரு புதிய பதிப்பு வந்து செயலிகளின் வரிசையைக் கலைத்துப்போட்டதில் அது ஏழாகிவிட்டது. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அன்டெனாவுக்கு மாறிவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திருத்த வேண்டும்.